மெலிவில் நின்ற நரம்பு

சென்ற சித்திரை விடுமுறையில் ஹட்டனுக்கு அணித்தேயுள்ள தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். கரகம் பாலித்து முடிந்தது. தேர் லயன்களைச் சுற்றிவந்து நிலைகொண்டது. இரவு ஒன்பது மணிக்குமேல் இன்னிசைக் கச்சேரி தொடங்கிற்று. ஆசிரியன் என்ற மரியாதையால் எனக்கு முன்வரிசையில் நாற்காலி இட்டிருந்தார்கள். நான்காவது பாட்டின் நடுவில் ஏதோ ஒன்று நேர்ந்தது. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், கீபோர்ட் ஒலித்தது, ட்ரம்ஸ் முழங்கிற்று. ஆயினும் பாட்டு தரையை விட்டெழும்பி அந்தரத்தில் நிற்பது போலாயிற்று. மேடைக்கு முன் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கால்கள் தயங்கின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். குறைந்தது யாது என்பது எனக்கு விளங்கவில்லை. அருகிலிருந்த சக ஆசிரியருக்கும் விளங்கவில்லை.

எமக்குப் பின்னால் கம்பளி போர்த்து நின்ற முதியவர் ஒருவர்தாம் சொன்னார்: "அடிச்சத்தம் போயிருச்சுங்க சார்."

மேடையின் ஓரத்தில் ஓர் இளைஞன் மண்டியிட்டு, கருநிற வயர் ஒன்றின் முனையைப் பிடுங்கித் துடைத்து மீண்டும் செருகினான். உடனே நெஞ்செலும்பில் மெல்லத் தட்டியது போன்றதோர் உணர்வு. பாட்டு மறுபடியும் நிலத்தில் காலூன்றிக்கொண்டது. பிள்ளைகள் ஆடினர். அந்த இளைஞன் உயர்தர வகுப்பு வரை என்னிடம் தமிழ் கற்றவன். அவன் தோளில் தொங்கியது பேஸ் கிட்டார். கம்பளி போர்த்த முதியவர் அவனுடைய பாட்டனார். ஒரு காலத்தில் அத்தோட்டத்தின் தப்படிப்பவர்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. அதற்கொரு காரணமுண்டு, அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முன்னர் அந்தக் கருவியைப் பற்றிச் சில கூறவேண்டும். நம்மவரிற் பலர் அதைச் சாதாரணக் கிட்டாரென்றே எண்ணியிருக்கின்றனர். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே.

கிட்டாருக்கு ஆறு நரம்பு. பேஸ் கிட்டாருக்கு நான்கு. கிட்டாரின் தடித்த நரம்புகள் நான்கும் எந்தச் சுரங்களில் நிற்குமோ அவற்றினும் ஒரு தானம் கீழே இவை நிற்கும். பண்டைய இசைநூலார் வலிவு, சமன், மெலிவு என்று மூன்று தானங்களை வகுத்தனர். அவற்றுள் மெலிவுக்கும் மெலிவில் வாழ்வது இக்கருவி. மெலிவு என்ற பெயரைக் கேட்டு மெலிந்த நரம்பென்று நினைத்துவிடலாகாது. தடித்த நரம்பே மெலிவில் ஒலிக்கும். இதன் அடிநரம்பு ஓர் அங்குலத்தில் பத்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட பருமன் உடையது. வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. வீணையில் சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் என்று நான்கு தந்திகள் உளவல்லவா? அவற்றுள் அநுமந்தரத்தின் இயல்பை அறிந்தவருக்கு இக்கருவியின் குணம் எளிதில் விளங்கும்.

நான்கு நரம்புகளையும் சுருதிகூட்டும் முறைதான் எனக்குப் பெருவியப்பை அளித்தது. அடிநரம்பைக் குரல் என்று கொண்டால் அடுத்த நரம்பு அதற்கு நான்காவதாகிய உழை, அதற்கு நான்காவது மூன்றாம் நரம்பு, இவ்வாறே இறுதிவரை. நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் பழைய இசைமரபு பெயரிட்டுச் சொல்லும். ஆகவே இக்கருவியின் நரம்புகள் யாவும் நட்பு முறையால் நிற்பவை. இதை மாணவனுக்கு எடுத்துச் சொன்னேன். "நாங்க 'ஈ, ஏ, டி, ஜி' என்றுதான் சொல்லுவோம் சார்," என்றான். 'மந்தரக் கிட்டார்' என்று நான் சூட்டிய பெயரைக் கேட்டும் மரியாதைக்குச் சிரித்தான். அப்பெயர் நிலைக்குமென்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

இதற்கு முன்பு மேனாட்டார் இந்தப் பணிக்கு ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்றதொரு கருவியைக் கொண்டிருந்தனர். அதைத் தூக்கிச் செல்லுதலும் அரிது. ஆடலரங்குகளின் ஆரவாரத்தில் அதன் ஒலி கேட்டலும் அரிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தவரான போல் டட்மார்க் என்பவர் 1930களிலேயே மடியில் வைத்து வாசிக்கத்தக்க மின்கருவியொன்றைச் செய்தார், அது பரவவில்லை. பரவச் செய்தவர் கலிபோர்னியாவின் லியோ பெண்டர். வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் தொழிலில் இருந்தவர். தாமே கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1951இல் வெளியிட்ட கருவிக்குப் 'பிரிசிஷன்' என்று பெயர், அதாவது துல்லியம். முந்தைய பெருங்கருவிக்கு மெட்டுகள் இல்லை. விரல் சிறிது வழுவினும் சுரம் வழுவும். இதற்கு 20 மெட்டுகள் இருந்தமையால் சுரம் பிசகாது என்பதே பெயரின் கருத்து. பின்னாளில் மெட்டில்லாக் கருவியையே விரும்பி வாசித்து, சுரங்களை ஒன்றோடொன்று குழைத்த ஜாகோ பஸ்தோரியஸ் போன்ற மேதையரும் தோன்றினர். வீணையும் கோட்டுவாத்தியமும் அறிந்த நமக்கு இந்த வேற்றுமையை விளக்க வேண்டுவதில்லை.

யாழுக்குப் பத்தர் உண்டு. நரம்பின் ஒலியை வாங்கிப் பெருக்குவது அது. இக்கருவிக்கோ பத்தர் இல்லை. உடல் முழுவதும் கட்டை. நரம்பின் கீழே காந்தமும், அதைச் சுற்றி மயிரிழையினும் நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளும் பதித்திருக்கின்றனர். உருக்கு நரம்பு காந்தத்தின்மேல் அதிருங்கால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அது வயர் வழியே சென்று பெருக்கியையும் ஒலிபெருக்கியையும் அடைகிறது. ஆகவே அந்த வயரே இதன் உயிர்நாடி. திருவிழாவில் அறுபட்டது அதுதான். நரம்பிலும் இருவகை உண்டு. உருண்டைக் கம்பி சுற்றிய நரம்பு பளிச்சென்று பேசும்; தட்டைக் கம்பி சுற்றியது விரலுக்கு வழவழப்பாக, தப்பின் நடுவில் அடித்தாற்போலத் திம்மென்று ஒலிக்கும். எது சிறந்தது என்ற வழக்கு, கம்பனா இளங்கோவா என்று நம் கழகங்களில் நடக்கும் பட்டிமன்றத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. என் மாணவனும் அவன் தோழர் இருவரும் தேநீர்க்கடையொன்றில் இரண்டு மணிநேரம் இதை வாதித்ததை நான் அருகிருந்து கேட்டேன். ஒருவரும் தோற்கவில்லை.

இத்துணை முயற்சியோடு வாசிப்பவரின் பெயரை யார் அறிவார்? டெற்றோயிற் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்கு 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர், வலக்கையின் ஒற்றைச் சுட்டுவிரலாலேயே நரம்பைச் சுண்டி உலகத்தையே ஆடச் செய்தார். அப்பாடல்களைக் கேட்டவர் கோடிக்கணக்கானோர். ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் தட்டொன்றில் பெயர் அச்சாகும்வரை அவர் பெயரற்றவராகவே வாசித்தார். தமிழ்த் திரைப்பாட்டிலும் நிலை வேறன்று. 1976இல் வெளிவந்த அன்னக்கிளி மூலம் அறிமுகமான இளையராஜா, அடிநரம்புக்கு வெறும் தாளக் காவலை விடுத்துத் தனிநடையே வகுத்தளித்தார்; பாடகரின் குரல் ஒருவழிச் செல்ல, அடிநரம்பு மற்றொரு பாட்டைத் தனக்குள் பாடிச் செல்லும். இந்தப் பாடல்களை நாங்கள் இலங்கை வானொலியில், லயத்து இறவாணத்தில் தொங்கிய சிறு பெட்டியில் கேட்டு வளர்ந்தோம். அந்தப் பெட்டியின் உள்ளங்கையளவான ஒலிபெருக்கிக்கு மெலிவொலியைத் தரும் ஆற்றல் இல்லை. ஆக, அப்பாடல்களில் ஒரு பாதியை நான் கேளாமலே ஐம்பது வயதைக் கடந்துவிட்டேன்!

இந்நாட்டிலும் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு 1960களில் மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொணர்ந்தது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைப் பரப்பினர். தோட்டப்புறத்து இசைக்குழுக்கள் அந்த வழியையும் திரைவழியையும் கலந்தே தமது வழியை அமைத்துக்கொண்டன.

இனி, நான் உறங்காமைக்குரிய காரணம். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலையின் தமிழ்த்தின விழாவில் வாசிக்க அனுமதி வேண்டி இவன் என்னிடம் வந்தான். அப்போது கருவி இரவலாக வாங்கியது. "பாட்டைத் தனியே எழுப்பமாட்டாத கருவிக்குத் தமிழ்த்தின விழாவில் என்ன வேலை, தம்பி? வேண்டுமானால் உன் தாத்தாவின் தப்பைக் கொண்டுவந்து அடி, அதிலாவது தமிழ் இருக்கிறது," என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தது ஏன் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன். தப்பைத் தொட்டவரைக் கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்தி வைத்து, அவருடைய ஒலியை மாத்திரம் உள்ளே அழைத்துக்கொள்ளும் வழக்கத்தை நான் கண்ணாரக் கண்டவன். அவன் ஒன்றும் பேசவில்லை. விழாவுக்கும் வரவில்லை.

இதனினும் வெட்கத்துக்குரியது வேறொன்றுண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையும் குறிஞ்சி யாழும் உரியன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். மலைநிலத்தில் இருந்துகொண்டே எழுதினேன். பறையின் வழியில் வந்த பிள்ளை யாழின் வழியில் வந்த கருவியைக் கையில் ஏந்தி எதிரே நின்றபோது எனக்கு இலக்கணம் நினைவுக்கு வரவில்லை.

திருவிழாவுக்கு மறுவாரம் அவனுடைய லயத்துக்குச் சென்றேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய கருவியொன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தான். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் இடையே ஒற்றைச் சுவரே. கூரிய ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும், மெலிவொலியையோ தடுக்கமாட்டாது. பெருக்கியை மூட்டினால் நான்காம் காம்பராவிலுள்ள நோயாளி வரை கேட்குமென்று, இரவில் அவன் மின்சாரமின்றியே பழகுகிறான். மின்சாரமில்லாத இக்கருவி கொசுவின் குரலில் முனகும். அதற்கு அவன் கண்ட உபாயம்: கருவியின் மேற்கொம்பை மர அலுமாரியின் கதவில் அழுத்திக்கொள்ளுதல். அலுமாரி பத்தராகிறது.

தாத்தா அடுப்படியில் அமர்ந்திருந்தார். சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கிலக் கவிதையில் தோட்டத்து விடியலைத் தப்பொலியோடு தொடங்குவார். அவ்வாறு விடிகாலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படித்த தலைமுறையின் கடைசிக் கைகள் இவருடையவை. தப்பின் கதையைக் கேட்டேன். மரவளையத்தில் தோலை இழுத்து ஒட்டுவது, நீண்ட குச்சிக்கும் குட்டைக் குச்சிக்கும் உரிய வேலை, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று நெடுநேரம் சொன்னார். ஒருபோதும் எவரும் கேட்டதில்லை போலும்.

"மழ நாள்ல தோலு தொங்கிருங்க சார். நெருப்புல காட்டித்தான் அடிப்போம். இவன் என்னான்னா கம்பிய வென்னித் தண்ணியில போட்டு அவிக்கிறான்," என்று சிரித்தார்.

உண்மைதான். நுவரெலியாப் பகுதியின் பனியும் ஈரமும் இரண்டு கருவிக்கும் பகை. ஈரத்தில் கழுத்துக்கட்டை வளைந்தால், உள்ளே ஓடும் இரும்புத் தண்டைச் சிறு சாவியால் திருகி நிமிர்த்தவேண்டும். விரலின் அழுக்கும் வியர்வையும் ஏறி நரம்பு ஊமையானால் புதிது வாங்க வேண்டும். ஒரு கட்டு நரம்பின் விலை அவனுக்குப் பல நாட்கூலி. ஆகவே கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்து உலர்த்தி மீண்டும் பூட்டுகிறான். சில நாட்களுக்குக் குரல் திரும்பும். சோற்றுப்பானையை இதற்கு எடுத்ததற்காகத் தாயிடம் ஏச்சு வாங்கியதையும் ஒளிக்காமல் சொன்னான். ஜேமர்சன் நரம்பை மாற்றியதே அரிதென்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அதில் அவனுக்குப் பெரிய ஆறுதல்.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் முறை நம் நூல்களில் இல்லையாதலால் சொற்கள் தடுமாறின. அவன் தலைகுனிந்து, "பரவாயில்ல சார், தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றான். பிறகு கருவியை எடுத்து அலுமாரிக் கதவில் சாய்த்தான்.

"இங்க வந்து காத வைங்க சார்."

வைத்தேன். தாத்தா அடுப்படியிலிருந்து முழங்காலில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார்.