தனியா எழுதினா தள்ளிப்போகும்... சேர்ந்து எழுதினா முடியும்! டாக்டர்களுக்கு ஒரு எழுத்துக் குழு

ஆலங்குளம் பக்கம் வயலுக்குப் போனவரைப் பாம்பு கடிச்சா, முதலுதவிக்குப் பிறகு பல நேரம் வண்டி போறது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு. தென்காசி மாவட்டத்துக்கென்று அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால், நெல்லை மருத்துவக் கல்லூரிதான் கதி.

பாம்புக்கடி, ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல்னு நம்ம ஊர் டாக்டர்கள் தினமும் கத்துக்கிறது ஏராளம். எழுதி வெளியிட்டால்தான் அது அடுத்த ஊர் டாக்டருக்கும் உதவும். ஆனால், காலையில் ஓ.பி, மதியம் வகுப்பு, ராத்திரி டியூட்டி. எப்போ எழுதுறது?

பதவி உயர்வும் இதில் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள், உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக 2 ஆய்வுக் கட்டுரைகள் கேட்டன. அந்த அவசரத்தில், காசுக்கு எழுதித் தருபவர்களிடம் சிக்குபவர்களும் உண்டு.

இதற்கு எளிய வழிதான் எழுத்துக் குழு. எப்படி நடத்துவது?

* நாலைந்து பேர் போதும். வேறு வேறு துறையினர் என்றால் இன்னும் நல்லது. உங்கள் துறைக்கு வெளியே இருப்பவருக்குப் புரியாத வரி, தெளிவில்லாத வரி.

* 2 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். ஒருவர் தன் வரைவை 2 நாள் முன்பே அனுப்பிட வேண்டும், அரைகுறையா இருந்தாலும்.

* முதலில் நல்லதைச் சொல்லுங்க, பிறகு திருத்தம். ஹெச்.ஓ.டி-யின் அதட்டல் இங்கே வேண்டாம்.

* கிளம்பும் முன், அடுத்த முறைக்குள் என்ன எழுதப் போறோம்னு ஒவ்வொருவரும் சொல்லணும். நாலு பேர் கேட்பாங்க என்ற கூச்சமே பாதி எழுத வைக்கும்.

* நோயாளியின் பெயர், அடையாளம் வரைவில் கூடாது. படித்துத் திருத்தியதற்காக மட்டும் ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்கக் கூடாது. நன்றிக் குறிப்பு போதும்.

சக ஆசிரியர்களே கைகொடுக்கும் இந்த முறை நமக்குப் புதுசில்லை. கோவை பி.எஸ்.ஜி மருத்துவக் கல்லூரியில் 2007-ல் தொடங்கிய ஃபைமர் பயிற்சியில், பல கல்லூரி ஆசிரியர்கள் நேரில் கூடுவார்கள். பிறகு ஊர் திரும்பி, இணையம் வழியே ஒருவருக்கொருவர் வழிகாட்டித் தங்கள் கல்லூரியில் ஒரு திட்டத்தை முடிப்பார்கள். ஆய்வின் அடிப்படையே தெரியலைன்னா, சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் தரும் அடிப்படைப் படிப்பில் தொடங்கலாம்.

நீங்க இளம் டாக்டரா? இன்னைக்கே 3 பேருக்கு மெசேஜ் போடுங்க. நீங்க எழுதும் 2 பக்கம், எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டியில் தனியா நிற்கும் டாக்டருக்குத் துணையா இருக்கும்.