கெலவரப்பள்ளி நுரையும் நம் வீட்டுப் பவுடரும்

பெங்களூரு பக்கம் நல்ல மழை பெய்தால் ஓசூரில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். கெலவரப்பள்ளி அணைக்கு நீர்வரத்து ஏறும், மதகைத் திறப்பார்கள், மதகுக்குக் கீழே தென்பெண்ணை வெள்ளையாகிவிடும். ஆள் உயரத்துக்கு எழும்பிய நுரை தரைப்பாலத்தை மூடி, போக்குவரத்து நின்றுபோன ஆண்டுகளும் உண்டு. காற்றடித்தால் நுரைத் துண்டுகள் பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டங்களில் விழும். நாற்றம் தனி. மறுநாள் நாளிதழில் ‘ரசாயன நுரை’ என்று படம் வரும். பெங்களூரு ஆலைகள் கழிவைத் திறந்துவிட்டுவிட்டன என்று டீக்கடையில் பேசிக்கொள்வோம். அத்தோடு சரி.

ஆலைகளுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நுரையை மட்டும் எடுத்துக்கொண்டு அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், விரல் நீள்வது புகைபோக்கிகளை நோக்கி அல்ல; குளியலறை, துவைக்கல், பாத்திரத் தொட்டி ஆகியவற்றை நோக்கித்தான். ‘இனி நம் வீட்டில் இயற்கைக்கு உகந்த பவுடர், லிக்விட்தான்’ என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் ஓசூர் அடுக்ககங்களில் பெருகிவரும் இந்த நேரத்தில், அந்த நுரையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. கடையில் எதை வாங்குவது என்பதற்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் வட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதற்கு முன்பே பெங்களூருவின் கிழக்குப் பகுதிச் சாக்கடை நீர் அதில் கலந்துவிடுகிறது. பெல்லந்தூர் ஏரி நிறைந்து வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூர் நிறைந்து ஆற்றுக்கு வருகிறது. கெலவரப்பள்ளி அணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதற்கும் கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்க் கடல்.

பெல்லந்தூர் ஏரியின் பெயர் 2015-க்குப் பிறகு நாடெங்கும் தெரிந்துபோனது. நுரை சாலைக்கு வந்தது. ஏரி தீப்பிடித்தும் எரிந்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றியிருந்த ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன் பிறகும் நுரை நிற்கவில்லை. ஏன் என்று பார்த்தவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சாணக்யா, லட்சுமிநாராயண ராவ் ஆகியோரின் குழுவினர். 2021-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு நம் வீட்டு விஷயத்துக்கு நேராகவே வருகிறது. சாக்கடையோடு வரும் சலவைப் பொருள் ஏரியில் 10 முதல் 15 நாள் தங்குகிறது. ஏரியில் ஆக்சிஜன் இல்லை. அதனால் அது சிதையாமல் அடியில் படியும் சேற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டி ஒட்டி, வந்தபோது இருந்த செறிவைப்போல் 200 மடங்குவரைகூடச் சேர்கிறது. பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது இந்தச் சேமிப்பு மொத்தமும் மேலே வருகிறது. ஏரியின் கடைவாயில் தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலக்க, நுரை பொங்குகிறது. சேற்றுத் துகள்களும் சில பாக்டீரியாக்களும் அந்த நுரை சட்டென்று உடைந்துவிடாதபடி தாங்கிக்கொள்கின்றன.

மழைக்குப் பின்புதான் நுரை ஏன் என்ற ஓசூர்க்காரரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அன்று மிதக்கும் நுரை அன்று துவைத்த துணியினுடையது அல்ல. பல மாதத் துவையல் அது.

இனி அந்தச் சலவைப் பொருளைப் பார்ப்போம். பவுடரில் அழுக்கெடுக்கும் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட் எனப்படும் மூலக்கூறு. அதன் தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். வால்கள் எண்ணெய்ப் பிசுக்கைக் குத்திப் பிடித்துக்கொள்ள, தலைகள் வெளிப்பக்கம் நின்று அந்தப் பிசுக்கைத் தண்ணீரோடு இழுத்துப் போகின்றன. நம் நாட்டுச் சலவைப் பவுடர்களில் மிகுதியாக இருப்பது நேர்சங்கிலி ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.ஏ.எஸ். என்பார்கள். இதற்கான மூலப்பொருள் சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையிலும் தயாராகிறது. மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த நீண்ட கரிமச் சங்கிலியை பென்சீனோடு இணைக்கிறார்கள். அந்தச் சங்கிலிதான் வால்.

‘நேர்சங்கிலி’ என்பதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1950-களில் உலகம் முழுக்கப் புழங்கிய சலவைப் பவுடர்களில் வால் நேராக இல்லை. கிளை கிளையாக இருந்தது. நேரான வாலை பாக்டீரியா ஒரு முனையிலிருந்து கடித்துக்கொண்டே போகும். கிளை வந்தால் அங்கே அதன் வேலை நின்றுவிடும். விளைவாக ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் இன்றைய கெலவரப்பள்ளிக் காட்சி அன்றாடமாயிற்று. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டு 1964-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-இல் நேர்சங்கிலிக்கு மாறினார்கள். அங்கே ஆறுகளில் நுரை அடங்கியது.

அப்படியானால் நாம் இன்று வாங்கும் சாதாரணப் பவுடரிலேயே மக்கும் பொருள்தான் இருக்கிறது. பின் ஏன் இந்த நுரை? எல்.ஏ.எஸ்.ஸைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒழுங்காக ஓடும் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அங்கே 95 விழுக்காட்டுக்கு மேல் காணாமல் போய்விடும். காற்றில்லாத ஏரியின் சேற்றில் அதே பொருள் அப்படியே கிடக்கும். பாக்கெட்டின்மேல் ‘மக்கும்’ என்று அச்சடித்திருப்பது ஒரு நிபந்தனையுள்ள வாக்குறுதி. அதை நிறைவேற்றும் பொறுப்பு தயாரிப்பாளரிடம் இல்லை, நம் வடிகால் போய்ச் சேரும் இடத்திடம் இருக்கிறது. விலை மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய பச்சை நிறப் பாட்டிலுக்கும் இதே விதிதான். இதை விளம்பரங்கள் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அதனால் பொருளை மாற்றுவதே வீண் என்றும் ஆகாது. பாஸ்பேட் விஷயத்தில் மாற்றத்துக்குப் பலன் தெளிவாக இருக்கிறது. பாஸ்பேட் எந்த பாக்டீரியாவாலும் இல்லாமல் ஆக்க முடியாத சத்து. ஏரியிலும் அணையிலும் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் ஒரு முறை துவைக்கும் பவுடரில் 0.5 கிராம் பாஸ்பரசுக்கு மேல் கூடாது என்று வரம்பிட்டது. நம் நடுவண் அரசு 1991-லேயே சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கென மண்பானை முத்திரையை அறிவித்தது. 2024-இல் அதன் விதிகளைப் புதுப்பித்தது. விரும்பினால் பெறலாம் என்ற முத்திரை அது. ஓசூர் மளிகைக் கடை அலமாரியில் அந்தப் பானையைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். அதுவரை ‘பாஸ்பேட் இல்லை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே நடைமுறை. ‘நேச்சுரல்’, ‘கிரீன்’, ‘ஹெர்பல்’ போன்ற சொற்களுக்கு அந்த மதிப்பு கிடையாது.

பாஸ்பேட்டை ஏன் போட்டார்கள்? தண்ணீரின் கடினத்தன்மையைச் சமாளிக்க. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்த் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் திரிதிரியாக வெள்ளைப் பிசுக்கு வரும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாக மாற்றிவிடுகின்றன. எல்.ஏ.எஸ். அவ்வளவு மோசமாகத் தோற்காது என்றாலும் அதன் வேலையும் குறையும். உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு கை பவுடர். நுரை வரும்வரை போடுவது என்பதுதான் நம் வீடுகளின் எழுதப்படாத அளவு. ஆனால் நுரைக்கும் வெளுப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. சர்ஃபாக்டன்ட் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும், மேலும் போடப் போட பரப்பு இழுவிசை குறைவது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்குமேல் போட்டதில் பெரும்பகுதி அலசும் தண்ணீரைத்தான் கூட்டும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது இரட்டைச் செலவு. முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்துக்கான பவுடரில் நுரையை அடக்கவே தனியாக மருந்து சேர்க்கிறார்கள்.

ஆகவே ஓசூர்க் குடும்பத்துக்கு முதல் மாற்றம் புது பிராண்டாக இருக்க வேண்டியதில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் முதலில் கொஞ்சம் சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கிச் சில நிமிடம் விடுங்கள். கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். பிறகு வழக்கமான பவுடரில் பாதி போதுமா என்று பாருங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. காரம் புரத இழையைத் தின்னும். பட்டுக்கூடு விளையும் மாவட்டத்தில் இதை நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களின் கிரீஸ் படிந்த யூனிஃபார்ம் வேறு கணக்கு. அதற்காக வாளி முழுக்கப் பவுடரைக் கொட்டுவதைவிட, கறையின்மேல் மட்டும் இரண்டு சொட்டுப் பாத்திர லிக்விட் தடவித் தேய்த்து வைத்தால் செறிவு தேவையான இடத்தில் மட்டும் இருக்கும். வாணலி எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுத் தேய்ப்பதும் இதே கணக்கில் சேரும்.

இப்போது பூந்திக்கொட்டை, சீயக்காய். இவை சும்மா பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். இரண்டிலும் இருப்பது சாபோனின். அதற்கும் தண்ணீரை விரும்பும் பகுதி, எண்ணெயை விரும்பும் பகுதி என இரண்டும் உண்டு. அது தாவரம் செய்த சர்ஃபாக்டன்ட். பட்டுக்கும் மென்மையான துணிக்கும் பூந்திக்கொட்டைச் சாறு அருமையானது. கடும் பிசுக்குக்குத் திணறும். ஆனால் ‘இயற்கை, ஆகவே தீங்கில்லை’ என்ற வாதத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சாபோனின் மீன்களின் செவுளைத் தாக்கும் நஞ்சு. சாபோனின் உள்ள தாவரங்களை நசுக்கிக் குட்டையில் போட்டு மீன் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. விரைவில் சிதைந்துவிடுவதுதான் அதன் நற்குணம். ஊரே கொட்டையை அரைத்து ஓடையில் விட்டால் மீனுக்கு நல்லதல்ல.

பயோ-என்சைம் பெங்களூருவிலிருந்து எல்லை தாண்டி வந்த இன்னொரு பழக்கம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் மூடிவைத்தல். தாய்லாந்திலிருந்து பரவிய செய்முறை இது. சமையலறைத் தோல் குப்பைக்குப் போகாமல் பயன்படுவது நல்ல விஷயம். தரை துடைக்கவும் உதவும். ஆனால் அதில் வேலை செய்வது பெரும்பாலும் நொதித்தலில் உண்டான அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர். கிருமிநாசினியாக அதை நம்பிவிடக்கூடாது. இந்தக் கரைசலைக் குடம் குடமாக ஏரியில் ஊற்றினால் ஏரி தூய்மையாகும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரையும் அமிலமும் கலந்த நீரைச் சிதைக்கவும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன்தான் வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஏரியில் மிச்சமிருப்பதையும் அது பிடுங்கிக்கொள்ளும். ஆப்பச் சோடாவையும் எலுமிச்சையையும் சேர்த்துப் பொங்கவைக்கும் வீடியோக்களுக்கும் ஒரு வரி: காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு பொங்குவது வெறும் கார்பன் டை ஆக்சைடு. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே உதவும்.

என் கணக்கில் குடும்பங்கள் உண்மையிலேயே உடனே மாற்ற வேண்டிய பொருள் துணிப் பவுடர் அல்ல, கழிவறைக்கு ஊற்றும் திரவங்கள். கடினத் தண்ணீர் விட்டுச்செல்லும் மஞ்சள் உப்புக்கறையைக் கரைக்க நாம் வாங்கும் பாட்டிலில் சுமார் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது போதாதென்று பிளீச்சிங் கலவையையும் மேலே ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். அதோடு ஓசூரின் விரிந்துகொண்டே போகும் புதுத் தெருக்களில் செப்டிக் டேங்கை நம்பியுள்ள வீடுகள் ஏராளம். அந்தத் தொட்டி உயிருள்ள பாக்டீரியாவால் ஓடுவது; பினாயிலும் பிளீச்சும் தாராளமாக இறங்கினால் அதன் செரிமானம் கெடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் அதே உப்புக்கறையைக் கரைக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும்: இரவில் கரைத்து ஊற்றிவிட்டுக் காலையில் தேய்க்க வேண்டும். பித்தளைக் குழாய்க்கும் குத்துவிளக்குக்கும் கிருஷ்ணகிரிப் புளி இருக்கிறது, வேறெதுவும் தேவையில்லை.

பெங்களூருவைக் குறை சொல்லும் நாம் இருப்பதும் அதே தென்பெண்ணைப் படுகையில்தான். மாநகராட்சியான ஓசூரின் சாக்கடையும் சரிவைத் தேடிப் போனால் கிருஷ்ணகிரிப் பக்கம்தான் போகும். சுத்திகரிப்பு நிலையம் உள்ள அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த லிக்விட் நல்லது என்பதைவிட, காற்று ஊதும் புளோயர் இரவிலும் ஓடுகிறதா, கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்திவிடுகிறார்களா என்பதுதான். தனி வீட்டுக்காரர்கள் துவைத்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். காற்றோட்டமுள்ள செம்மண்ணில் எல்.ஏ.எஸ். சில வாரங்களில் சிதைந்துவிடும். சோடியம் மட்டும் சிதையாது. நான் மேலே சொன்ன சலவைச் சோடாவும் அதில் சேர்த்தி. எனவே சோடா போட்டு ஊறவைத்த முதல் தண்ணீரை வடிகாலுக்கும், அலசிய தண்ணீரைத் தோட்டத்துக்குமாகப் பிரித்துவிட வேண்டும். தோட்டத்திலும் ஒரே மரத்துக்கு நாள்தோறும் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள். மழைக்காலத்தில் அந்த மண்ணை மழை கழுவிக்கொள்ள விடுங்கள்.