விண்கல்லும் விண்கல்லாமும்

சிராங்கூன் சாலையில் நகை வாங்குவோர் 916 என்னும் எண்ணைப் பார்த்த பின்னரே விலையைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பது அதன் பொருள். 22 காரட் என்பதை வேறு வகையில் எழுதியது. அந்த மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் உரைகல்லும், மாற்றறிந்த பொற்கொல்லர் கண்ணும், இந்நாளில் ஊடுகதிர்க் கருவியும் நிற்கின்றன. வாங்குபவர் அவற்றுள் எதனையும் கற்றிருக்க வேண்டுவதில்லை.

வானிலிருந்து விழுந்த கல்லுக்கு இத்தகைய முத்திரை கிடையாது. தாயத்துக் கடையிலோ, கனிமக் கண்காட்சியிலோ, அஞ்சலில் வந்த சிறு பொட்டலத்திலோ கிடைக்கும் கல்லின்மீது ‘விண்கல்’ என்று ஒட்டப்பட்டிருக்கும் சீட்டே அதன் முத்திரை. அச்சொல்லை எழுதியவர் எதனைக் கண்டு எழுதினார் என்று நாம் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே இவ்வுரை.

நம் மொழியில் இதற்கொரு வசதி உண்டு. ‘மழை பெய்தது’ என்பதற்கும் ‘மழை பெய்ததாம்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சிறு குழந்தையும் அறியும். முன்னது சொல்பவர் பொறுப்பில் நிற்கிறது. பின்னது பிறர் சொல்லைக் கேட்டுச் சொல்வது. ‘ஆம்’ என்னும் ஈறு ஒன்றே இவ்வளவு வேலையையும் செய்துவிடுகிறது. விண்கல் வாணிகத்தில் நேரும் தவறுகளுள் பல, இந்த ஈறு வழியில் உதிர்ந்துவிடுவதனால் நேர்பவை. பாலைவனத்தில் பொறுக்கியவர் ‘விண்கல்லாக இருக்கலாம்’ என்கிறார். அவரிடம் வாங்கியவர் ‘விண்கல்லாம்’ என்கிறார். அடுத்த கையில் அது ‘விண்கல்’. அதற்கும் அடுத்த கையில் ‘செவ்வாயிலிருந்து வந்த விண்கல்’ ஆகிவிடுகிறது. கல் மாறவில்லை. இவர்களுள் எவரையும் பொய்யர் என்று சுட்டவும் இயலாது. ஆயினும் கடைசியில் வாங்குபவர் ஏமாந்து போகிறார்.

பெயர்களையும் இங்கே பிரித்து வைத்துக்கொள்வது நன்று. இரவு வானில் கீற்றாக ஓடி அணைவது எரிமீன். எரியாமல் எஞ்சி நிலத்தை அடைந்த பொருளே விண்கல். முந்தைய இரவில் எரிமீனைக் கண்டவர் மறுநாள் காலையில் தோட்டத்தில் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டு இரண்டையும் இணைத்துவிடுவது உலகெங்கும் நடப்பது. அந்தக் கல் பத்தாண்டுகளாக அங்கேயே கிடந்திருக்கலாம்; நேற்றுவரை அதை யாரும் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவே. ‘விழுந்த இடத்தில் புல் எரிந்திருந்தது’ என்ற கதையும் ஐயத்திற்கு உரியது. காற்றில் உருகும் மேற்பரப்பு உடனுக்குடன் உரிந்து போகிறது. உட்பகுதி விண்வெளிக் குளிர் மாறாமலே இருக்கிறது. சிறு கற்கள் தம் வேகத்தை உயரத்திலேயே இழந்து, கடைசிச் சில கிலோமீட்டர்களை ஒளியின்றிக் கடந்து, சாதாரணக் கல்லைப் போலவே வந்து விழுகின்றன.

இனி, கையில் உள்ள கல்லிடம் நாமே எவ்வளவு கேட்டறியலாம் என்று பார்ப்போம்.

முதலில் தோல். புதிதாக விழுந்த விண்கல்லை மிக மெல்லிய கருநிற உருகுபடலம் மூடியிருக்கும். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. உடைந்த முனையில் அப்படலத்தின் அடியிலேயே வெளிறிய உட்கல் தெரியும். உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக, குமிழித் துளைகள் நிறைந்திருக்குமாயின் அது பெரும்பாலும் உலையில் வழிந்த இரும்புக் கிட்டம், அல்லது எரிமலைக் கல். விண்கல் என்று ஆய்வகங்களுக்கு வரும் கற்களுள் கிட்டத்துக்குத் தனி இடம் உண்டு. பழங்காலந்தொட்டு இரும்பு உருக்கிய தமிழ் நிலத்தில் அது கிடைப்பதில் வியப்பில்லை.

அடுத்தது கோடு. பொன்னைக் கல்லில் உரைக்கிறோம். இங்கே கல்லையே உரைக்க வேண்டும். குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்புறம் போதும். செந்நிறக் கோடு விழுந்தால் அது ஹேமடைட். அழுத்தமான கருங்கோடு விழுந்தால் மேக்னடைட். இரண்டும் இம்மண்ணின் இரும்புத் தாதுக்கள். காந்தத்தில் மேக்னடைட் வலுவாக ஒட்டும் என்பதால் ஏமாறுவோர் பலர். விண்கல் பெரும்பாலும் கோடு விடுவதில்லை. விட்டாலும் மங்கிய சாம்பல் நிறமே. இத்தேர்வில் ஒன்றும் எழுதாத கல்லே தேறுகிறது.

மூன்றாவது எடை. சமையலறைத் தராசில் ஒரு குவளை நீரை வைத்து அளவைச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டிக் குவளையின் அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டுவது கல் விலக்கிய நீரின் எடை. 210 கிராம் கல் 60 கிராம் காட்டினால் அடர்த்தி 3.5. சாதாரணக் கல்வகை விண்கற்கள் இவ்வளவில் நிற்கும், கருங்கல் 2.7 அளவில், இரும்பு விண்கல் ஏறத்தாழ 7.8 அளவில். விடை 5.2 என்று வந்தால் மேக்னடைட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தின் அடர்த்தியோ மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் விழுவதுண்டு. ஆகவே இச்சோதனையைத் தனியாக நம்பக் கூடாது.

காந்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விண்கற்களுள் மிகப் பெரும்பான்மையானவை காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பது உண்மை. ஆனால் வலிய காந்தத்தைக் கல்லோடு ஒட்டிப் பார்ப்பது, அக்கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துவந்த காந்தப் பதிவை ஒரு நொடியில் அழித்துவிடும். செவ்வாயிலிருந்து வந்ததும் ‘கறுப்பு அழகி’ என்று சேகரிப்பாளர் அழைப்பதுமான என்டபிள்யூஏ 7034 என்ற கல்லின் துண்டுகளில் இந்த இழப்பு நேர்ந்திருப்பதை 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு திசைகாட்டியை அருகே கொண்டுபோய் முள் அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

இரும்புக் கட்டியானால் நிக்கல் வேண்டும்; இரும்பு விண்கற்களில் அது பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல். நிக்கல் இருப்பது மட்டும் போதாது. துருப்பிடிக்காத எஃகிலும் நிக்கல் உண்டு. ஆனால் அதனோடு குரோமியமும் இருக்கும். அறுத்து மெருகிட்டு அமிலத்தில் நனைத்தால் பல இரும்பு விண்கற்களில் ஒன்றையொன்று வெட்டும் பட்டைக் கோலம் எழும்பும். அது பல இலட்சம் ஆண்டுகள் ஆறியதால் பிறந்த கோலம். எந்த உலையும் அதைச் செய்ய முடியாது. சில வகை இரும்புகளில் அக்கோலம் இராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் வட்டாரத்துக்கென்றே இரண்டு மயக்கங்கள் உள்ளன. தென்கிழக்காசியா முழுவதும் கிடைக்கும் டெக்டைட் என்னும் கருங்கண்ணாடிக் கற்கள் முதலாவது. ஏறக்குறைய 7,90,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் மோதலில் இப்பூமியின் மண்ணும் பாறையும் உருகித் தெறித்து வானில் ஏறி, உறைந்து, மீண்டும் விழுந்தவை அவை. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள பெலித்தோங் தீவின் ஈயச் சுரங்கங்களில் கிடைப்பதை அங்குள்ளோர் ‘பத்து சாத்தாம்’ என்பர். தாய்லாந்தில் இதன் பெயர் வடமொழி வழி வந்தது; ‘உல்கா மணி’ என்று நாம் உடனே அறிந்துகொள்ளக்கூடிய சொல். பெயரே எரிமீனின் மணி என்று சாட்சி சொல்லும்போது வியாபாரி வேறு சொல்லத் தேவையில்லை. கல் உண்மை, அதன் வயது உண்மை, மோதலும் உண்மை. விண்கல் என்பது மட்டும் பிழை. அதைப் பூமியின் கண்ணாடி என்று சொல்லி விற்றால் அதன் பெருமை சிறிதும் குறையாது என்பது நம் கருத்து.

இரண்டாவது, மலாய் உலகின் கிரிஸ் கத்தி. ஜாவாவின் பிரம்பானான் விண்கல் சுராகார்த்தா அரண்மனையில் வைக்கப்பட்டு, அதன் இரும்பு கத்திகளின் பாமோர் வரிகளுக்குப் பயன்பட்டது வரலாறு. ஆனால் சுலாவெசி இரும்பிலும், பின்னாளில் இறக்குமதி செய்த நிக்கலிலும் அதே வெண்வரிகள் பெறப்பட்டன. ஆகவே ஒரு கிரிஸில் நிக்கல் உண்டு என்ற சான்றிதழ், வான் இரும்பு என்பதற்குச் சான்றாகாது.

கைச்சோதனைகள் எல்லாம் ‘இல்லை’ என்று சொல்வதற்கே வல்லவை. ‘ஆம்’ என்று சொல்லும் உரிமை ஆய்வகத்துக்கு உரியது. 1933-இல் தோன்றிய விண்கல்லியல் கழகத்தின் பெயர்க்குழு, வகைப்படுத்தப்பட்ட கல்லுக்கு அது கிடைத்த இடத்தின் பெயரைச் சூட்டிப் பதிகிறது. பதிவில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. 1857 பிப்ரவரி 28 அன்று அந்நாளைய மதுரை மாவட்டத்தில் விழுந்த இரு கற்கள் ‘பார்நல்லீ’ என்று அங்கே நிற்கின்றன. 1898-இல் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 16 கிலோகிராம் இரும்பு ‘கொடைக்கானல்’ என்று நிற்கிறது. நம் ஊர்ப்பெயர்கள் அவ்விதம் உலக ஆய்வேடுகளில் புழங்குகின்றன.

இப்பதிவே ஒரு சூழ்ச்சிக்கும் இடம் தருகிறது. வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலையில் கிடைத்தவை இடப்பெயருக்குப் பதிலாக எண் பெறுகின்றன. அவற்றுள் என்டபிள்யூஏ 869 இரண்டு டன்னுக்கும் மேல் கிடைத்ததால் எங்கும் மலிவாக விற்கப்படுகிறது. அதைப் போலத் தோன்றும், எவரும் சோதிக்காத வேறொரு கல்லுக்கு அந்த எண்ணை எழுதிவிடுவது எளிது. இது உண்மையிலேயே விண்கல்லாக இருக்கக்கூடும் என்பதால் விற்பவர் மனம் உறுத்துவதும் இல்லை. ஆயினும் பிறருடைய பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒட்டியதற்கு இது ஒப்பாகும். இக்கலப்பு ஒரு முறை நேர்ந்தால், பின்னாளில் அந்த எண்ணை நம்பி ஆய்பவர் எதை ஆய்கிறார் என்று அவருக்கே தெரியாது போகும்.

பணமிழப்பைவிடப் பெரிதான ஒன்றும் இதில் அடங்கியுள்ளது. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். தரையில் ஒரு குழியும் அருகே ஒரு கருநிறக் கல்லும் காணப்பட்டன. தமிழக அரசின் அறிக்கை அதை விண்கல் என்றே குறித்து இழப்பீடு அறிவித்தது. விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்களோ, அது நிலத்தில் நேர்ந்த வெடிப்பின் தோற்றமே என்றனர். ஏற்கப்பட்ட விண்கற்களின் வரிசையில் அவ்வூர்ப் பெயர் இடம்பெறவில்லை. ‘விண்கல்லாம்’ என்று தொடங்கியிருக்க வேண்டிய செய்தி ‘விண்கல்’ என்று தொடங்கியதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். வானம் செய்த செயலுக்கு மண்ணில் எவரும் பொறுப்பில்லை. நிலத்தில் நேர்ந்த வெடிப்பானால், காரணம் என்ன என்று அந்தக் குடும்பம் கேட்க உரிமை உண்டு.

சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம், விற்பனையாளர் பொய்யான கூற்றால் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை நியாயமற்ற செயலாகவே கொள்கிறது. சட்டம் கடைக்காரரைப் பிடிக்கும். ஒருவர் தம் சேகரிப்பிலிருந்து நண்பருக்குக் கொடுப்பதை அது பார்க்காது. அங்கே எழுதும் சீட்டே துணை. கல் எந்த நாட்டிலிருந்து எவ்வாறு வந்தது என்பதும் சீட்டில் வேண்டும். இந்தியாவில் விழும் விண்கற்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் சேர வேண்டியவை, அர்ஜென்டினாவும் தன் கற்களைச் சட்டத்தால் காக்கிறது. கல்லுக்குச் செய்த பக்குவமும் வேண்டும். நம் ஊரின் ஈரக் காற்றில் இரும்புக் கற்கள் விரைவில் துருவேறும்; எண்ணெயோ வார்னிஷோ பூசி அதை மறைத்திருந்தால் எழுதியாக வேண்டும்.

ஆய்வகம் பாராத ஒரு கல்லுக்கு நல்ல சீட்டு இவ்வாறிருக்கலாம்: ‘கறுப்புக் கல், 84 கிராம். அடர்த்தி 3.4. திசைகாட்டி முள் அசைகிறது. ஓட்டில் கோடு விழவில்லை. ஒரு முனை அறுக்கப்பட்டுள்ளது; உள்ளே உலோகப் புள்ளிகள் தெரிகின்றன. எண்ணெய் பூசப்பட்டது. மொராக்கோவிலிருந்து வந்ததாக விற்றவர் கூறினார். வகைப்படுத்தப்படவில்லை.’ கண்டது, செய்தது, கேட்டது ஆகிய மூன்றும் இதில் தனித்தனி வினைமுற்றுகளில் நிற்கின்றன.

இந்தச் சீட்டோடு விற்றால் விலை குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. வாங்கியவர் பின்னர் கல்லை முறைப்படி பதிய விரும்பினால், 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது குறைவோ அது ஒரு நிறுவனத்தில் நிலையாக வைக்கப்பட வேண்டும். 84 கிராம் கல்லுக்கு அது 16.8 கிராம். அழகுக்காக மேலும் துண்டு போடுவதற்கு முன், அந்த அளவை ஒதுக்கி வைத்துவிட்டு அறுக்கச் சொல்ல வேண்டும்.