கரைந்த உலோகம் திரும்பி வருமா?

ஹைட்ரஜன் பெராக்சைடில் கறுப்பு நிற மாங்கனீஸ் டை ஆக்சைடுத் தூளைச் சிறிது போட்டால் ஆக்சிஜன் குமிழ் குமிழாகப் பொங்கும். சோதனை முடிந்ததும் வடிதாளில் வடிகட்டினால், போட்ட தூள் திரும்பக் கிடைத்துவிடும். வினையை வேகப்படுத்திய அந்தத் தூள்தான் வினையூக்கி. மலாய் மொழியில் ‘மங்கின்’ என்று படித்திருப்பீர்கள்.

வினையூக்கி திரவத்திலேயே கரைந்திருந்தால்? தேநீரில் கரைந்த சீனியை வடிகட்டியால் பிரிக்க முடியாதே!

இந்தச் சிக்கலைத் தினமும் சமாளிக்கும் ஆலை நம் நாட்டிலேயே உண்டு. திரெங்கானு மாநிலம் கெர்த்தேயில் பிபி, பெட்ரோனாஸ் நிறுவனங்கள் கூட்டாக அமைத்த அசெட்டிக் அமில ஆலை 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அமிலம்தான் இது. பசை, சாயம் போன்றவற்றின் தயாரிப்புக்கு டன் கணக்கில் தேவைப்படுகிறது. மெத்தனாலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து இந்த அமிலமாகின்றன. அவற்றைச் சேர்த்து வைப்பது, திரவத்தில் கரைந்திருக்கும் இரிடியம் என்ற அரிய உலோகம்.

அதை எப்படி மீட்கிறார்கள்? வினை உயர்ந்த அழுத்தத்தில், 150 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் நடக்கிறது. சூடான கலவையை அழுத்தம் குறைந்த இன்னொரு கலனுக்குள் விடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அமிலத்தின் ஒரு பகுதி சட்டென ஆவியாகி மேலே போகிறது. உப்புநீரைக் காய்ச்சினால் உப்பு தங்கிவிடுவதுபோல, உலோகம் மீதித் திரவத்தோடு அடியில் தங்குகிறது. அந்தத் திரவத்தைப் பம்பு மூலம் மீண்டும் வினைக்கலனுக்கு அனுப்புகிறார்கள்.

1970இல் அமெரிக்காவின் மொன்சாண்டோ நிறுவனம் இதே வினைக்கு ரோடியத்தைப் பயன்படுத்தியது. அதில் ஒரு தொல்லை. அழுத்தம் குறைந்த கலனில் கார்பன் மோனாக்சைடும் குறைந்துவிடும். அது போதாவிட்டால் ரோடியம் வீழ்படிவாகப் படிந்துவிடும், திரும்பி வராது. அதைத் தடுக்கக் கலவையில் நிறையத் தண்ணீர் வைத்தார்கள். பிறகு அந்தத் தண்ணீரை அமிலத்திலிருந்து பிரிக்க ஏராளமான வெப்பம் செலவானது.

1996இல் பிபி அறிவித்த ‘கட்டிவா’ முறை இதற்கு விடை தந்தது. தண்ணீர் குறைவாக இருந்தாலும் இரிடியம் கரைந்தே நிற்கும். உலோகமும் மிஞ்சியது, எரிபொருளும் மிஞ்சியது. கெர்த்தே ஆலை இந்த முறையில்தான் அமைந்தது.

‘வினையூக்கி வினையில் தீர்ந்துபோகாது’ என்று பாடநூல் சொல்வது சரியே. ஆனால் தீராத பொருளும் தொலைந்துபோகலாம். ஆகவே, அடுத்த முறை வினையூக்கி பற்றிப் படிக்கும்போது, அது எவ்வளவு வேகம் தருகிறது என்பதோடு, வேலை முடிந்ததும் அதை எப்படித் திரும்ப எடுப்பார்கள் என்றும் கேளுங்கள்.