அழுதால் புடைக்கும் நீலக் கட்டி

குழந்தை அழும்போது கன்னத்தில் ஒரு நீலக் கட்டி புடைக்கிறது. அழுகை நின்றால் வடிந்துவிடுகிறது. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால், கிரகணத்தன்று அம்மா வெளியே வந்தாளா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கருவில் ரத்தக்குழாய்கள் உருவாகும் சமயத்தில் ஒரு செல்லில் நேர்ந்த மரபணு மாற்றம், அந்த இடத்துச் சிரைகளை மட்டும் சுவர் மெலிந்த பைகளாக்கிவிட்டது. பெரும்பாலும் இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. தாயைக் குற்றவாளி ஆக்குவது கொடுமை.

வெகுகாலம் இத்தகைய கட்டிகளை எல்லாம் ‘ஹெமாஞ்சியோமா’ என்றே மருத்துவர்களும் அழைத்தார்கள். 1982-ல் பாஸ்டனின் ஜான் முல்லிக்கனும் ஜூலி குளோவாக்கியும் அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். உண்மையான ஹெமாஞ்சியோமா பிறந்த சில வாரங்களில் தலைகாட்டி, வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் தானே சுருங்கும். நூற்றில் நாலைந்து குழந்தைகளுக்கு வருவது இது. மற்றது பிறவி ரத்தக்குழாய்க் குறைபாடு; அது அரியது. பிறவியிலேயே இருப்பது; பிள்ளையோடு சேர்ந்து வளரும், தானாக மறையாது. எனவே பிறந்த அன்று செல்போனில் எடுத்த படம் இருந்தால் அவசியம் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹெமாஞ்சியோமாவுக்கு மருந்து கிடைத்தது தற்செயலாகத்தான். பிரான்சின் போர்தோ நகரில், இதயக் கோளாறுக்காக ப்ரோப்ரானோலால் கொடுத்த ஒரு குழந்தையின் மூக்குக் கட்டி மறுநாளே நிறம் மங்கி மென்மையானது. 2008-ல் அந்தச் செய்தி வெளியானபின் உலகெங்கும் சிகிச்சை மாறியது. ஆனால், பிறவிக் குறைபாட்டுக்கு இந்த மருந்து பயன்படாது. அதற்கு வேறு வழிதான்.

எந்த வகை என்று அறிய முதல் சோதனை விரலால்தான். தொடக்கத்தில் சொன்ன சிரைக் குறைபாடு என்றால் அழுத்தியதும் அமுங்கும், விட்டதும் மெல்ல நிரம்பும். உள்ளே உறைந்த ரத்தம் கெட்டிப்பட்டுப் பயறு அளவுக் கற்களாகக் கையில் தட்டுப்படுவதும் உண்டு. கட்டி சூடாக இருந்து துடித்தால் கதையே வேறு: அங்கே தமனி நேரடியாகச் சிரையில் கொட்டுகிறது. டாப்ளர் ஸ்கேன் இரண்டையும் பிரித்துக் காட்டும். எவ்வளவு ஆழம் என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும். இவை எதுவும் இல்லாமல் கொழுப்புக் கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு.

சிரைக் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் ஊசிதான். குழந்தையை மயக்கத்தில் வைத்து, ஸ்கேனில் பார்த்தபடியே பைக்குள் ஊசி செலுத்தி, முதலில் சாயம் விடுவார்கள். அது பெரிய சிரைக்குள் ஓடிவிடவில்லை என்று எக்ஸ்ரே திரையில் உறுதியானபிறகே, குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிச் சுருங்கவைக்கும் மருந்து. பலமுறை போட வேண்டிவரும். அடியோடு மறையாவிட்டாலும் வலியும் வீக்கமும் குறையும். பரவலான கட்டிகளுக்கு, சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குத் தரும் சிரோலிமஸ் இப்போது கைகொடுக்கிறது.

காட்ட இடமும் பக்கத்திலேயே உண்டு: அண்ணாமலை நகரில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய மருத்துவமனை இன்று அரசுடையது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மரும் தொலைவில்லை. கட்டிக்குச் சூடு போடாதீர்கள், பச்சிலை கட்டாதீர்கள். கண்ணை மறைக்கும் கட்டி, மூச்சில் இரைச்சல், முகத்தின் ஒரு பக்கம் படர்ந்த செந்நிறப் படை — இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.