மனச்சோர்வு: ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு

மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு மனச்சோர்வோடு வருகிறவர்கள் பலரின் கையில் ஒரு கனத்த ஃபைல் இருக்கும். தலைவலிக்கு ஸ்கேன், நெஞ்சுப் படபடப்புக்கு ஈசிஜி, வயிற்று எரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி என்று எல்லாம் எடுத்து, எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கும். ஃபைலில் இல்லாத சங்கதிகளும் உண்டு. ஜாதகம் பார்த்தது, கயிறு மந்திரித்துக் கட்டியது, மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தூக்க மாத்திரை வாங்கியது. இத்தனையும் முடிந்து, வேலை போய், படிப்பு நின்று, வீட்டாரோடு பேச்சும் அற்றுப்போன பிறகுதான் மனநல மருத்துவரைத் தேடி வருகிறார்கள். வந்தவரிடம் உளவியல் சிகிச்சைக்கு வாரா வாரம் வாருங்கள் என்று சொன்னால், கூட வந்தவர்களின் முகம் சுருங்கிவிடும். “வெறும் பேச்சுக்கா டாக்டர்? அதைத்தான் வீட்டிலேயே தினமும் பேசறோமே!”

வீட்டில் பேசுவது ஆறுதல். அது வேண்டும்தான். உளவியல் சிகிச்சையோ முறை வகுத்து, காலம் வகுத்து, மருந்துகளைச் சோதிப்பது போலவே ஒப்பிட்டுச் சோதித்துப் பலன் காட்டிய வைத்தியம். இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பே பலரைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அப்படி அவதிப்படுகிறவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். இது வைத்தியம் பார்க்க வேண்டிய நோயே இல்லை என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

அறிவுரை ஏன் பலிப்பதில்லை?

“மனசைத் தைரியமா வெச்சுக்கோ.” “உனக்கு என்ன குறைச்சல்?” “நாலு இடத்துக்குப் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்.” சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோய் முதலில் பறிப்பதே அந்தத் தைரியத்தையும், நாலு இடத்துக்குப் போகும் தெம்பையும்தான். குளித்து உடை மாற்றுவதே மலையாகத் தெரிகிறவரிடம் ஊர் சுற்றி வரச் சொல்வதில் பயன் என்ன? “உனக்கு என்ன குறைச்சல்” என்பது அதைவிட மோசமாக வேலை செய்கிறது. குறை ஒன்றும் இல்லாமலே இப்படிக் கிடக்கிறேனே, நான் எதற்கும் லாயக்கில்லாதவன்தான் என்று நோயாளி முடிவு கட்டிக்கொள்கிறார். ஏற்கெனவே இருக்கும் குற்றவுணர்வுக்கு வீட்டாரே சாட்சி சொன்னது போலாகிவிடுகிறது. கரையில் நின்றபடி “நீந்து, நீந்து” என்று கத்துவதற்கும், தண்ணீரில் இறங்கிக் கைபிடித்துக் கற்றுக்கொடுப்பதற்கும் உள்ள தூரம்தான் அறிவுரைக்கும் சிகிச்சைக்கும் உள்ளது.

நம்மிடையே புழங்கும் யோசனைகளில் மிகவும் ஆபத்தானது, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்” என்பது. நோயை மறைத்துக் கல்யாணம் நடக்கிறது. புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். புது வீடு, புது மனிதர்கள், அடுத்து கர்ப்பம், பிரசவம். முன்பே மனச்சோர்வு வந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அப்போது கஷ்டப்படுவது இரண்டு உயிர்கள். பெற்றவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் வைத்தியம் பாருங்கள், கல்யாணம் பிறகு நடக்கட்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போவதை யாரும் தடுக்கவில்லை. ஏர்வாடி தர்காவில் அரசே மனநல மருத்துவத்தைப் பிரார்த்தனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. நம்பிக்கையும் மருந்தும் சேர்ந்தே இருக்க முடியும். பரிகாரம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் மாதங்கள்தான் கெடுதல் செய்கின்றன. தூக்கம் வர ஒரு குவார்ட்டர் போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: மது முதல் சில மணி நேரம் மயக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், நாளடைவில் சோர்வை ஆழமாக்கும்.

அந்த அறைக்குள் நடப்பது

1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றிக் கசப்பான எண்ணங்கள் தாமாகவே, மின்னல் வேகத்தில் வந்துபோகின்றன. அவர்கள் அவற்றை எண்ணங்களாகப் பார்ப்பதில்லை, உண்மை என்றே நம்பிவிடுகிறார்கள். இதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி. வெளியூரில் இருக்கும் மகன் போனை எடுக்கவில்லை என்றால், ‘என்னை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டான்’ என்று ஒரு தாயின் மனம் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடும். சிகிச்சையாளர் “அப்படியெல்லாம் இருக்காதும்மா” என்று சமாதானம் சொல்லி முடித்துவிட மாட்டார். அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆதாரம், எதிரான ஆதாரம் என்ன, வேறு எப்படியெல்லாம் இருக்கலாம் என்று அந்தத் தாயையே எழுதிப் பார்க்கவைப்பார். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் என்று மூன்று நான்கு மாதம் இது நடக்கும். முடியும்போது, அந்த விசாரணையைத் தனக்குத் தானே நடத்திக்கொள்ளும் பழக்கம் அவரிடம் தங்கியிருக்கும்.

இன்னொரு வழி செயலிலிருந்து தொடங்குகிறது. மனம் சரியான பிறகு வேலை செய்வேன் என்று நோயாளி காத்திருக்கிறார். படுத்தே கிடப்பதால் மகிழ்ச்சி தரும் எதுவும் நடப்பதில்லை, அதனால் சோர்வு கூடுகிறது, மேலும் படுக்கிறார். அந்தச் சுழலை வெட்ட, நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதிவைத்து, மிகச் சிறிய செயல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். காலையில் வாசலில் பத்து நிமிடம் உட்காருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அக்காவுக்குப் போன் செய்வது. செய்து முடித்தபின் மனம் எப்படி இருந்தது என்பதையும் குறிப்பார்கள். நெருங்கியவரின் மரணம், ஓயாத குடும்பச் சண்டை, ஓய்வு பெற்றதால் வந்த வெறுமை ஆகியவற்றிலிருந்து முளைத்த சோர்வுக்கு உறவுகளை மையமாக வைத்த சிகிச்சை தனியாக உண்டு. பழைய காயங்களையெல்லாம் கிளறி அழவைப்பார்கள் என்ற பயத்தில் வராதவர்கள் இருக்கிறார்கள். இந்த முறைகள் பெரும்பாலும் இன்றைய பிரச்சினைகளைப் பற்றியவை. சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

மாத்திரை போதாதா?

இது நியாயமான கேள்வி. மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்கின்றன. மிதமான மனச்சோர்வில் மருந்தும் முறையான உளவியல் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. வித்தியாசம் தெரிவது நிறுத்திய பிறகு. அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டில் ஏதாவது ஒன்றால் குணமானவர்களைச் சிகிச்சை நிறுத்திய பின் ஓராண்டு கவனித்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. சிபிடியை முடித்தவர்களில் அது 31 சதவீதம். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால், இந்த இடைவெளி சாதாரணமானது அல்ல.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுவீர்களானால், அதுவும் பெரிய தவறு. சாப்பிடாமல் கிடப்பவர், காதில் குரல் கேட்பவர், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர் ஆகியோருக்கு மருந்தும் தேவைப்பட்டால் மின்னதிர்வு சிகிச்சையும்தான் முதல் உதவி. பேச்சுச் சிகிச்சை பிறகு சேர்ந்துகொள்ளும். இடையிடையே அளவு கடந்த உற்சாகமும் வருகிறவர்களுக்கு நோயே வேறு, மருந்தும் வேறு. கடுமையான மனச்சோர்வில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்வதே நல்லது. “கவுன்சலிங்தான் போறேனே” என்று மருந்தைத் தானே நிறுத்தியவர்கள் திரும்பி வரும் நிலையைப் பார்த்தால் மனம் பதறும்.

மனச்சோர்வு மாத்திரைகள் அடிமையாக்கும் என்று பயந்து ஒதுக்குகிறவர்கள், அடிமையாக்கும் மாத்திரையைத்தான் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். மனச்சோர்வு மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்கு உடலில் ஏக்கம் பிறக்காது. நிறுத்தும்போது மட்டும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் அன்றிரவே தூக்கம் தரும், ஆனால் மனச்சோர்வைத் தொடக்கூட மாட்டா. சில வாரங்களிலேயே உடல் பழகிக்கொண்டு அளவைக் கூட்டக் கேட்கும். திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் இது தெருமுனையில் கிடைக்கிறது. வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. விற்பவருக்கு அதைவிட அதிகம்.

இது நம் ஊருக்கு ஒத்துவருமா?

உளவியல் சிகிச்சை படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்குமான வெளிநாட்டுச் சரக்கு என்ற ஆட்சேபம் வலுவானது. அதற்குப் பதில் நம் துணைக்கண்டத்திலிருந்தே வந்திருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு கண்ட பெண்களுக்கு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்களே சிபிடி முறையில் பயிற்சி பெற்று உதவினார்கள். 2008இல் முடிவு வெளியானது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், உதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு நீடித்தது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மேலே சொன்ன, செயலிலிருந்து தொடங்கும் முறையைத்தான் அதில் சோதித்தார்கள். உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அதைச் செய்தார்கள். நோயாளிகளோ லேசான சோர்வுக்காரர்கள் அல்ல, ஓரளவு கடுமையான நிலையில் இருந்தவர்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இந்த எண்களிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: சிகிச்சை பெற்றும் தேறாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அவர்களுக்கு மருந்தையும் முறையையும் மாற்ற வேண்டும், விட்டுவிடக் கூடாது. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது உதவாது, நம் குடும்ப அமைப்புக்குப் பொருந்தாது என்ற வாதம் இனி நிற்காது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கும் தமிழ்நாட்டில், கிராம சுகாதார செவிலியர்களை இதற்குப் பயிற்றுவிக்க அரசு தயங்கக் கூடாது.

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், ஃபைல் கனக்கும்வரை காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனை என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தால் பெரும்பாலும் போதும். உளவியல் சிகிச்சையாளர் மருத்துவ உளவியல் படித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். வார இறுதிப் பயிற்சி முடித்து ‘கவுன்சலர்’ பலகை மாட்டியவர்கள் பெருகிவிட்டார்கள். முதல் இரண்டு அமர்வுகளிலேயே மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள், வீட்டுப்பாடத்தைச் செய்யுங்கள், ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் மாறிக்கொள்ளலாம். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘சாக வேண்டும் போலிருக்கிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல முடியாமல் தவிப்பவருக்குச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் இலவசமாக, தமிழிலேயே பேசுவார்கள்.