மதுவை விட்டேன், பதற்றம் விடவில்லை

நான் மது அருந்தி 14 மாதங்கள் ஆகிவிட்டன. வயது 22, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு விஷயம் தெரியும். பெரியம்மாவுக்கும் அத்தைமார்களுக்கும் தெரியாது.

மதுவை விட்டவர்களைப் பற்றி நான் படித்த கதைகள் பெரும்பாலும் விட்ட நாளோடு முடிந்துவிடும். மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பது அவற்றில் இருக்காது. என் விஷயத்தில், பதற்றம் கூடியது.

பதற்றம் எனக்கு மதுவைவிடப் பழையது. தொடக்கப்பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு முந்திய இரவே வயிற்றைக் கலக்கும். உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியர் வரிசையாக வாசிக்கச் சொன்னால், என் முறை வர இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனதும் வாரந்தோறும் குழுப்பணி, வகுப்பின் முன்னால் நின்று படைக்க வேண்டிய கட்டாயம். அந்தச் சமயத்தில்தான் 18 வயது நிறைந்தது. ஒரு பிறந்தநாள் விருந்தில் இரண்டு கேன் பீர் குடித்தேன். இறுகியே கிடந்த தோள்கள் அன்று இறங்கின. ருசி பிடிக்கவில்லை, அந்த அமைதி பிடித்திருந்தது. பிறகு விருந்துக்குக் கிளம்பும் முன்பே ஒன்று, படைப்பு இருக்கும் நாளில் ஒன்று என்று ஆனது.

தோள்கள் ஏன் இறங்கின என்பதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. மூளையில் 'காபா' என்ற வேதிப்பொருள் நரம்புகளை அடக்கி வைக்கிறது. 'குளுட்டமேட்' அவற்றைத் தூண்டுகிறது. மது முதலாவதன் வேலையைக் கூட்டி, இரண்டாவதன் வேலையைக் குறைக்கிறது. மூளை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அடிக்கடி குடித்தால், ஈடுகட்டுவதற்காகத் தூண்டலைக் கூட்டிக்கொள்கிறது. மது உடலைவிட்டு இறங்கியதும் அந்தத் தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. இரவு குடித்துவிட்டுப் படுத்தவர் அதிகாலை 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதாவது பதற்றத்துக்காகக் குடித்த மதுவே மறுநாளைக்கான பதற்றத்தையும் தயார் செய்துவைக்கிறது.

தூக்கமில்லை என்று பலதுறை மருந்தகத்துக்குப் போயிருந்தபோது மருத்துவர் கேட்டார், "வாரத்துல எத்தன நாள் குடிக்கிறீங்க?" அதற்குமுன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நம் வீடுகளில் அண்ணன் குடித்தால் சண்டை நடக்கும், அழுகை நடக்கும், யாராவது ஒரு மாமா வந்து புத்தி சொல்வார். பெண் குடிப்பது பேச்சுக்கே வராது. பேச்சுக்கு வராததற்கு உதவியும் வராது. அந்த மருத்துவர் முகம் சுளிக்காமல், இரத்த அழுத்தத்தைக் கேட்பதுபோல் கேட்டதால்தான் நான் பதில் சொன்னேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் ஒரே நாளில் தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வையோடு நிற்காமல் வலிப்பு வரைக்கும் போகலாம். என் அளவைக் கேட்டு, என்னைச் சோதித்துப் பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகே நிறுத்தினேன்.

முதல் மூன்று வாரங்கள் மோசம். எம்ஆர்டியில் கதவு மூடும் ஓசைக்கே உடம்பு துள்ளும். இரவு 11 மணி வாக்கில்தான் குடிக்கத் தோன்றும். சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மதுவை வாங்கிக்கொண்டு போக முடியாது. 2015ல் வந்த சட்டம். அதைப்பற்றி எனக்கு முன்பு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. அந்த மூன்று வாரங்களில், புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்குப் போயும் பயனில்லை என்பது பெரிய உதவியாக இருந்தது.

பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர் கொடுத்த வேலை விசித்திரமாக இருந்தது. பயத்தைத் தவிர்க்காமல், சிறிய அளவில் தேடிப் போக வேண்டுமாம். பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது. உணவங்காடி நிலையத்தில், தவறாக வந்த உணவைத் திருப்பிக் கொடுப்பது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பயம் பத்துக்கு எத்தனை என்று கைப்பேசியில் குறிக்க வேண்டும். ஒரு படைப்புக்குமுன் குறிக்கத் தொடங்கிய எண்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன: 8, 9, 9, 7, 5, 4.

அந்த 4 எனக்குப் புதிது. பதற்றம் ஏறும் என்பது சிறுவயது முதலே தெரியும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அது தானாக இறங்கும் என்பதைப் பார்த்ததே இல்லை. 8 வந்ததும் குடித்துவிட்டால், இறங்கியதற்கான பெருமை மதுவுக்குப் போய்விடும். அடுத்த முறை மூளை அதையேதான் கேட்கும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுகிறேன். இதைப் பலரும் பெரிய மந்திரம்போல் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு நிமிட அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். காப்பி அதைவிட முக்கியம். குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் கெஃபீனில் பாதி உடலில் இருக்கும். மதுவை விட்டதும் நாளுக்கு நான்கு கோப்பை கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றாகக் குறைத்தபோது படபடப்பும் குறைந்தது. இப்போது மாலையில் தே ஹாலியாகூடக் கிடையாது, அதிலும் தேயிலைதானே. மதுவிலிருந்து மீள்பவர்கள் சொல்லும் நான்கு சொற்கள் உண்டு: பசி, கோபம், தனிமை, களைப்பு. குடிக்கத் தோன்றும்போது இவற்றில் எது என்று கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எனக்குப் பாதி நேரம் பசிதான். ஒரு புரோட்டா போதும்.

விருந்துகள்தான் இன்னும் கடினம். போனவுடன் கையில் எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொள்வேன். வெறுங்கையாக இருப்பவரிடம்தான் எல்லாரும் கோப்பையை நீட்டுவார்கள். காரணம் கேட்டால் விளக்குவதில்லை. விளக்கம் நீண்டால் அது பேரம் ஆகிவிடும்.

போன தீபாவளிக்கு மாமா வீட்டில், பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் வயதுக்காரர்கள் தாழ்வாரத்தில் நின்றோம். மாமா மகன் காகிதக் கோப்பையை நீட்டினார். தேசிய சேவை முடித்து வேலைக்குப் போகிறவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

"வேண்டாம்ணே."

"மருந்து ஏதும் சாப்பிடுறியா?"

"இல்லண்ணே. நிறுத்திட்டேன்."

அவர் கோப்பையைத் தானே வைத்துக்கொண்டார். மற்றவர்கள் காற்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது மின்தூக்கி வரை வந்தார். "எப்படி நிறுத்துன?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "எனக்கு காலையில கை நடுங்குது," என்றார்.

தானாக நிறுத்திவிட வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்றேன். மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருப்பதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு எண்களை அனுப்பினேன்: 24 மணி நேரமும் பேசக்கூடிய தேசிய மனநல உதவி எண் 1771, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767.

செய்தியைப் பார்த்ததற்கான நீலக்குறி உடனே வந்தது. பதில் நான்கு நாள் கழித்து வந்தது. "வியாழக்கிழமை 9.40க்கு அப்பாயிண்ட்மெண்ட். நீயும் வர்றியா?"

அன்று எனக்கு விரிவுரை இருந்தது. போனேன், விரிவுரைக்கு அல்ல.